மலிவும் அதன் விலையும்

பொருளின் விலையை அறிவது எளிது. வாழ்க்கையின் விலையை அறிவது அரிது. முன்னதைக் கடையில் தொங்கும் விலையட்டை சொல்லிவிடும். பின்னதைச் சொல்லும் அட்டை எங்கும் இல்லை. எனினும், ஒரு நகரில் வாழ எவ்வளவு செலவாகும், மற்றொரு நகரில் எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வொப்பீடு நேர்மையாக அமைய எதனை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்? இவ்வினா பொருளியலுக்கு மட்டும் உரியதன்று, அறத்திற்கும் உரியது.

இதனை ஆராயச் சிங்கப்பூரும் ஜொகூர் பாருவும் மிகப் பொருத்தமான நகரங்கள். இரண்டிற்கும் நடுவே ஒரு நீரிணை. அதன்மேல் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலம். அதன் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே கடக்கும். இரு கரைகளிலும் மலாயும் சீனமும் தமிழும் ஒலிக்கின்றன. தோசையும் நாசி லெமாக்கும் மணக்கின்றன. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் இரு நாடுகளும் தத்தம் நாணயத்தை வெளியிட்டன. அதன் பின்னரும் ஒரு கரையின் வெள்ளி மறுகரையிலும் ஒரு வெள்ளியாகவே ஏற்கப்பட்டது. அவ்வேற்பாடு 1973 மே மாதத்தில் முடிவுற்றது. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது.

எனவே, வார இறுதியில் தென்கரையிலிருந்து பாலம் கடந்து வருபவர் எதைக் கண்டாலும் மூன்றால் வகுத்துப் பார்க்கிறார். முடி திருத்தும் கூலி மலிவு, தையற்கூலி மலிவு, சமைத்த உணவு மலிவு என மகிழ்கிறார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் அஃது அவருக்கு மட்டுமே உரிய கணக்கு. அவருக்கு உணவு பரிமாறும் பணியாளர் ரிங்கிட்டில் ஊதியம் பெறுகிறார். ரிங்கிட்டிலேயே செலவு செய்கிறார். அவர் மூன்றால் வகுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு வேளை உணவின் விலை தென்கரையில் ஐந்து வெள்ளி, வடகரையில் பத்து ரிங்கிட் எனக் கொள்க. நாணயத்தை மாற்றிப் பார்த்தால் வடகரை உணவே மலிவு. தென்கரைத் தொழிலாளிக்கு ஒரு மணி நேர உழைப்பிற்குப் பத்து வெள்ளியும், வடகரைத் தொழிலாளிக்குப் பத்து ரிங்கிட்டும் கிடைப்பதாகக் கொள்க. முன்னவர் அரை மணி உழைத்து உண்கிறார்; பின்னவர் ஒரு மணி உழைத்து உண்கிறார். மலிவான ஊரில்தான் உணவிற்கு இரு மடங்கு வாழ்நாள் செலவாகிறது! ஒரு பொருளைப் பெற வாழ்நாளில் எவ்வளவு கொடுக்கிறோமோ அதுவே அதன் உண்மை விலை என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் தோரோ 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலில் வலியுறுத்தினார்.

இரு நகரங்களிலும் எவை ஏறத்தாழ ஒரே விலையில் விற்கின்றன, எவை பெரிதும் வேறுபடுகின்றன என்று நோக்கினால் மற்றோர் உண்மை புலப்படும். கைப்பேசி போன்று கப்பலேறி வரும் பொருள்களின் விலையில் வேறுபாடு சிறிது. முடி திருத்துதல், தைத்தல், சமைத்தல், துப்புரவு செய்தல் போன்ற பணிகளில் வேறுபாடு பெரிது. இதன் காரணத்தைப் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1964இல் தனித்தனியே விளக்கினர். ஏற்றுமதித் தொழில்களில் உற்பத்தித்திறன் உயர்ந்த நாட்டில் ஊதியங்கள் உயர்கின்றன. அதனால் அங்கு முடி திருத்துவோரின் கூலியும் உயர்கிறது. கத்தரி ஒன்றே, கைத்திறனும் ஒன்றே. கூலி மட்டுமே வேறு. ஆக, மலிவு எனப் போற்றப்படுவதில் பெரும்பகுதி மற்றொரு மனிதனின் உழைப்புக்குக் கிடைக்கும் குறைந்த ஊதியமே ஆகும்.

தரவரிசைப் பட்டியல்களையும் இக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும். ‘எக்கானமிஸ்ட்’ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2014இல் வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரமாகச் சிங்கப்பூரைக் குறித்தது. அத்தகைய பட்டியல், வெளிநாட்டிலிருந்து பணிக்கு வரும் அலுவலரின் செலவுகளை மனத்திற்கொண்டு அமைவது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் குடியிருந்து, உணவங்காடியில் பசியாறி, பேருந்தில் பயணம் செய்யும் குடும்பத்தின் வாழ்வை அது காட்டாது. யாருடைய வாழ்க்கைச் செலவு என்று கேளாத ஒப்பீடு பாதி உண்மையே.

இவ்விருவரினும் வேறான மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் தென்கரையில் ஈட்டி வடகரையில் வாழ்பவர். கதிரவன் எழுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, குடிநுழைவுச் சோதனையில் காத்து நின்று பணிக்குச் செல்கிறார். இருட்டிய பின் திரும்புகிறார். இரு நகரங்களின் நன்மையையும் அவரே பெறுகிறார் என ஊரார் எண்ணுவர். வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதவரையில் கேடில்லை என்று வள்ளுவர் கூறியதை அவர் வேறொரு வகையில் கடைப்பிடிக்கிறார். ஆனால் வள்ளுவர் அக்கருத்தை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார் என்பது எண்ணத்தக்கது. தன் வலிமையின் எல்லையை அறிவதே அங்குப் பொருள். உறங்கும் பிள்ளையை விட்டுச் சென்று, உறங்கிவிட்ட பிள்ளையிடம் திரும்பும் தந்தை எதனைச் செலவிடுகிறார்? அச்செலவு எந்த நாணயத்திலும் பதிவாவதில்லை. குடும்பத்திற்காக அவர் ஏற்ற சுமையைப் பழிப்பதும் முறையன்று. அதனை ஆதாயம் என்று மட்டும் அழைப்பதும் முறையன்று.

அவ்வாறாயின், மலிவை நாடிப் பாலம் கடப்பது தவறா? தவறென்று கூறுவதற்கில்லை. வருவோர் நின்றுவிட்டால் வடகரைக் கடைக்காரரே முதலில் துன்புறுவார். ஆனால் வருவோரின் பணத்தால் வாடகையும் உணவு விலையும் ஏறுமானால், ரிங்கிட்டில் ஊதியம் பெறும் அண்டை வீட்டார் அச்சுமையைத் தாங்க நேரும். மலிவை நுகர்வது குற்றமன்று. அது யாருடைய உழைப்பால் கிடைக்கிறது என்பதை மறப்பதே குற்றம். மூன்று மடங்கு வலிமையுள்ள நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தையற்காரரிடம் இரண்டு ரிங்கிட்டுக்காகப் பேரம் பேசுவது சிக்கனமாகாது.

பள்ளிகளில் நாணய மாற்றுக் கணக்கு கற்பிக்கப்படுகிறது. அக்கணக்கின் இறுதியில் மாணவர்க்கு மேலும் ஒரு வினா கொடுக்கலாம்: இப்பொருளை வாங்க இதனைச் செய்தவர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்? அவ்வினாவிற்கு விடை காணப் பழகிய மாணவன் எந்த நகருக்குச் சென்றாலும் விலையட்டையோடு அதன் பின்னுள்ள மனிதரையும் காண்பான்.