களா வேலி

அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி எனக்கு ஒரு துண்டு நிலம். கடலை போடுகிறேன். சுற்றிலும் களா வேலி: கூரான முள், கிள்ளினால் விரலில் ஒட்டும் பால். மாடு நுழையாது. மலையே சிவன் என்னும் ஊரில், அவன் காலடியில் வேலி போட உனக்கு என்ன உரிமை என்று தெரிந்த ஓதுவார் ஒருவர் கேட்டார். அவர் வீட்டுக்கு இரும்புக் கதவு உண்டு, அது கிடக்கட்டும்.

காக்காமல் பொறுத்தவரும் இதே மலையடியில் இருந்தார். 1924-இல் ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ரமணரின் தொடையிலேயே அடி விழுந்தது. திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடரை அவர் தடுத்தார். பொறுப்பதே சாதுவின் தர்மம் என்பது அவர் நிலை. கும்பிடுகிறேன். ஆனால் அது துறவிக்கு. வள்ளுவர் இல்லறவியலையும் துறவறவியலையும் தனித்தனியாகத்தானே வைத்தார்? குடும்பஸ்தன் விளைந்ததைக் காக்கவும் வேண்டும், பகிரவும் வேண்டும்.

களா இரண்டுக்கும் தோது. ஆடி, ஆவணியில் காய் பாதைப் பக்கமும் தொங்கும். பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் நடக்கிறவர்கள் பறித்து, புளிப்பில் முகம் சுளித்துக்கொண்டே தின்கிறார்கள். வெளிப்பக்கக் காயை நான் தொடுவதில்லை.

“ஊறுகாய்க்கு நல்ல காயெல்லாம் அந்தப் பக்கம்தாங்க இருக்கு” என்பாள் என் மனைவி. அதோடு விடுவதில்லை. எப்படியும் காக்க முடியாததை விட்டுக்கொடுத்தால் அது தானமா என்றும் கேட்கிறாள். ஓதுவார் கேள்வியைவிட இது கனம்.