தோட்டமும் ஊசியும் பயனற்ற செயல்களா?

பண்டைத் தமிழ் மக்கள் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைக் கூதிர் என்று வழங்கினர். ஏறக்குறைய இதே காலத்தை வடநாட்டார் சரத் ருது என்பர். அங்கே அது மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவம். நம் தொண்டை மண்டலத்திலோ அதுவே அடைமழைப் பருவம். தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்றே கொண்டுவந்து தருகிறது.

இப்பருவத்தில் முதியவர்களுக்கு வெளியே வேலை இல்லை. வீடும், வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு தோட்டமும், ஊசிப் பெட்டியுமே துணை. பணி ஓய்வு பெற்ற நாள் முதல் இந்த இரண்டு மாதங்களை நான் ஆவலுடன் எதிர்நோக்கி வந்திருக்கிறேன் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். காலையில் மழை சற்று விட்ட நேரத்தில் பாத்தி கொத்துவது. பிற்பகலில் தாழ்வாரத்து வெளிச்சத்தில் அமர்ந்து ஏதேனும் தைப்பது. சீட்டாடவில்லை, ஊர்வம்பு பேசவில்லை. இதனால் யாருக்கு என்ன தீங்கு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை அசைத்தது சுவாமி சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம். நம் முன்னோர் அதன் வழியே அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூலையும் நமக்கு ஆக்கித் தந்திருக்கின்றனர். இல்லறத்தார்க்கு உரிய குண விரதங்களுள் ஒன்றாக அந்நூல் அநர்த்ததண்ட விரதத்தைக் கூறுகிறது. பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குவதே அவ்விரதம். அத்தகைய செயல்கள் ஐந்து: பாபோபதேசம், ஹிம்சாதானம், அபத்யானம், துஷ்ருதி, பிரமாதசரியை. இவற்றுள் பிரமாதசரியை எது என்று விளக்கும் இடத்தில், வீணே மண்ணை அகழ்வதும், நீரை இறைப்பதும், செடி கொடிகளை அறுப்பதும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. படித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். என் காலைப் பொழுது முழுவதும் அந்த வரிசையில் அடங்கியிருந்தது.

நம்மவரில் பெரும்பாலோர் வழிவழியாக உழவர் குடியினர். ஏர் பிடித்தவர்கள் அகிம்சை பேசலாமா என்று பிறர் வினவும்போது, நாம் தயங்காமல் விடை கூறுவோம். உழவு, கைவினை உள்ளிட்ட ஆறு தொழில்களையும் மக்களுக்குக் கற்பித்தவரே ஆதிபகவன். வயிற்றுக்காகவும் தொழிலுக்காகவும் நேரும் ஆரம்பி ஹிம்சையும் உத்யோகி ஹிம்சையும் இல்லறத்தானால் முற்றும் தவிர்க்க இயலாதவை. அவன் முதலில் விலக்க வேண்டியது, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி ஹிம்சை. விடை சரியே. ஆனால் என் தோட்டம் உழவு அன்று. அதில் விளையும் நான்கு கத்தரிக்காயும் ஒரு பிடி கீரையும் இல்லாவிட்டால் எவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. என் மகிழ்ச்சிக்காகவே மண்ணைக் கிளறுகிறேன். மகிழ்ச்சி ஒரு பயனாகுமா, ஆகாதா? இதுவே என் வினா.

துறவியர் சாதுர்மாசியம் மேற்கொள்வதன் காரணத்தை நம் குழந்தைகளும் அறிவர். மழைக் காலத்தில் நிலமெங்கும் முளைகளும் நுண்ணுயிர்களும் பெருகுவதால், நடந்து செல்லும் அடியே அவற்றுக்கு ஊறாகும் என்று ஓரிடத்தில் தங்கிவிடுகின்றனர். ஆடி மாதத்தை ஒட்டித் தொடங்கும் இவ்விரதம், மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய தீபாவளி அமாவாசையை ஒட்டி நிறைவுறுகிறது. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கால அளவு வடநாட்டு மழையை ஒட்டி அமைந்தது. நம் நாட்டில் பெருமழை வலுப்பதே தீபாவளிக்கு முன்னும் பின்னுமாகத்தான். மண்புழுவும் நத்தையும் மரவட்டையும் வெளிவந்து ஊர்வது, முனிவர்கள் விரதம் முடித்து விகாரம் புறப்படும் அதே நாள்களில். அவர்களோ ஒவ்வோர் அடிக்கும் முன்னால் நிலத்தை நோக்கி நடப்பவர்கள். அந்த நாள்களில் கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குபவள் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில், அவரை விதை ஊன்றுவதற்காகக் கொத்திக்கொண்டிருந்தபோது ஒரு மண்புழு இரண்டாயிற்று. அருகில் நின்ற பேத்தி முகம் சுளித்தாள். "வருந்தாதே அம்மா, இரண்டு துண்டும் தனித்தனியே பிழைத்துக்கொள்ளும்" என்றேன். "இல்லை பாட்டி, தலைப் பக்கம் வேண்டுமானால் பிழைக்கலாமாம், வால் பக்கம் செத்துவிடுமாம். எங்கள் ஆசிரியை சொன்னார்" என்றாள்.

அவள் ஆசிரியை சொன்னதே சரி. வால் துண்டு சிறிது நேரம் நெளியுமே தவிர, அதற்குப் புதிய தலை முளைப்பதில்லை. தலைத் துண்டும் போதிய நீளம் இருந்தால் மட்டுமே பிழைக்கக்கூடும். ஒரு புழு இரண்டாவதில்லை. ஒன்றும் இல்லாமற் போவதே மிகுதி. இதில் என்னை வருத்தியது அந்த ஒரு புழு மட்டும் அன்று. இரண்டும் பிழைக்கும் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எந்த நூலிலும் பார்த்துச் சொன்னதில்லை. யாரோ சொன்னதை நானும் சொன்னேன். அதைக் கேட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வேடிக்கைக்காக வெட்டிப் பார்த்தனரோ! ஐந்து அநர்த்ததண்டங்களுள் முதலாவதான பாபோபதேசம், தீங்கு விளையும்படி பிறர்க்கு அறிவுரை கூறுவது, வணிகர்க்கும் வேடர்க்கும் சொன்னது என்று அதுவரை கருதியிருந்தேன். கரும்பலகையின் முன் நின்றவளுக்கும் அது உரியது என்பதை எழுபது வயதில் கற்றேன்.

மண்புழு ஈரறிவுயிர், தொடு உணர்வும் சுவை உணர்வும் உடையது. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கும் முறை தொல்காப்பிய மரபியலிலும் உண்டு என்பதை நாம் பெருமையுடன் எடுத்துக் கூறுவோம். பெருமை பேசுவதில் குறைவில்லை. கொத்து பிடித்த கைக்கு அது எட்டவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைக்கிறது. உயிர் நீங்குவது அதன்பின் வருகிறது. ஆகவே தோட்டமே பாவம் என்று முடிவு கட்டுவதும் சரியன்று. ஆசைப்பட்டுச் செய்வதெல்லாம் குற்றமில்லை என்று சமாதானம் கொள்வதும் சரியன்று. போகோபபோக பரிமாண விரதம் இவ்விடத்தில் எனக்கு வழி காட்டிற்று. உணவு, மலர் போல ஒரு முறை நுகர்ந்து கழிவது போகம். ஆடை, அணி போல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். விலக்கப்படாத இன்பங்களுக்கும்கூட அளவு வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்விரதம். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். இத்தனை நாள், இத்தனை மாதம் என்று கொள்வது நியமம். ஆக, மகிழ்வதை அறம் தடை செய்யவில்லை. அதற்கு வேலி இடச் சொல்கிறது. மகிழ்ச்சி பயனாகுமா என்ற என் வினாவிற்கு நேரான விடை இதுவன்று என்பதை அறிவேன். எனினும் நான் நடந்துகொள்வதற்கு இது போதுமானதாக இருந்தது.

ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை கொத்தும் மண்வெட்டியும் தொடுவதில்லை என நியமம் கொண்டேன். தோட்டம் பாழாகிவிடும் என்று அஞ்சினேன், பாழாகவில்லை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் செடிகளின் அடியில் பரப்பிவிட்டால், மழையில் ஊறி மட்கிவிடுகின்றன. மண்ணைக் கிளறிப் பொலபொலப்பாக்கும் வேலையை அந்தப் புழுக்களே செய்கின்றன. எனக்கு முன்பும் அவைதாம் செய்துவந்தன. விரலால் சிறு குழி செய்து ஓர் அவரை விதை இட்டால் போதும். களை பறிக்காமல் முடியாது. பறிக்கும் களையும் ஓரறிவுயிர்தான். அதனால் பாத்தியில் மட்டும் பறித்து, வேலியோரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டேன். கறிவேப்பிலைச் செடிகள் மூன்றில் ஒன்று எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு உரியது. அதன் புழு இளமையில் பறவையின் எச்சம் போலத் தோன்றும்; வளர்ந்தபின் இலையின் பச்சையாகும். மற்ற இரண்டில் காணும் புழுக்களை இலையோடு எடுத்து மூன்றாவதில் விடுகிறேன். மூன்றாவது செடி மொட்டையாகத்தான் நிற்கிறது.

பவழமல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் மலர்ந்து, விடியுமுன் தானே உதிரும் பூ அது. பறிக்கும் கைக்கு அங்கே வேலையில்லை. புரட்டாசி, ஐப்பசிக் காலையில் மரத்தடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைத்திருந்து, எறும்பு இருந்தால் உதறிவிட்டு, ஜினாலயத்திற்கு எடுத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். எஞ்சிய பூக்களின் செந்நிறக் காம்புகளைக் கிள்ளி நீரில் காய்ச்சினால் காவி நிறம் இறங்கும். அதில் பருத்தி நூலைத் தோய்த்து நிழலில் உலர்த்திக்கொள்வேன். கெட்டிச் சாயம் அன்று. வெயில் பட்டால் நாளடைவில் வெளிறிவிடும்.

இனி ஊசியைப் பற்றி. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் தையலும் ஒரு பாடம். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், காஜா என்று ஒவ்வொன்றையும் சிறு துணியில் தைத்து ஏட்டில் ஒட்ட வேண்டும். எங்களுக்குக் கற்பித்த அம்மையார் துணியின் முன்புறத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் பின்புறத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் இடுவார்.

ஊசி வேலை தியானத்திற்கு ஒப்பானது என்று சொல்வோர் உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவளே. ஒரு முகூர்த்தம், நாற்பத்தெட்டு நிமிடம், சாமாயிகத்தில் அமர முழங்கால் ஒத்துழைக்காதபோது, அதே நேரம் தைத்துவிட்டால் ஆயிற்று என்று எனக்கு நானே சலுகை அளித்துக்கொண்டதும் உண்டு. உண்மை வேறு. கை ஓர் ஒழுங்கில் ஓடத் தொடங்கியதும், என் மனம் பத்து ஆண்டுக்கு முன் உறவினர் ஒருவர் திருமண வீட்டில் சொன்ன ஒரு சொல்லைத் தேடி எடுத்துவந்து வைத்துக்கொள்கிறது. அதுவும் அபத்யானமே; அநர்த்ததண்டத்துள் மூன்றாவது. கை விழித்திருக்க உள்ளம் பிரமாதத்தில் கிடக்கிறது. நூல் சிக்குவதும் பெரும்பாலும் அவ்வேளையில்தான். ஊசியால் எனக்கு விளைந்த நன்மை இதுவே: சிக்கு விழுந்த இடத்தில் நிறுத்தி, இப்போது யாரை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று பார்க்க முடிகிறது. சாமாயிகத்தை வேறாகவே செய்கிறேன், நாற்காலியில் அமர்ந்து.

நான் இக்காலத்தில் மிகுதியாகத் தைப்பது நீர் வடிகட்டும் துணி. கெட்டியான பருத்தித் துணியை இரட்டையாக மடித்து, நான்கு ஓரமும் நெருக்கமாக மடித்துத் தைக்க வேண்டும். தையல் இயந்திரத்தில் ஐந்து நிமிட வேலை. கையால் ஒரு பிற்பகல். இன்று வீடுதோறும் நீர் சுத்திகரிக்கும் கருவி இருக்க, இந்தத் துணி எதற்கு என்று இளைய தலைமுறையினர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. குடிப்பவனின் உடல்நலம் ஒன்றே நோக்கமாயின் கருவியே மேல். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நம் பாட்டிமார் வடிகட்டியபின் என்ன செய்தனர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். துணியைக் கவிழ்த்து, வடிகட்டிய நீரையே அதன்மேல் மெதுவாக ஊற்றி, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த கிணற்றிலேயே சேர்த்தனர். கருவி குடிப்பவனைக் காக்கிறது. துணி, குடிப்பவனையும் நீரில் வாழ்வனவற்றையும் சேர்த்து எண்ணியது. பாதிப் பணியைத்தான் கருவியிடம் ஒப்படைக்க முடியும்.

பட்டைப் பற்றிய ஒரு சிக்கல் எனக்கு இன்னும் தீரவில்லை. என் தாயார் விட்டுச் சென்ற பெட்டியில் பட்டு நூற்கண்டுகள் பல உள்ளன. கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொதிநீரிலோ ஆவியிலோ கொன்ற பின்னரே இழை அறுபடாமல் எடுக்கப்படுகிறது என்பதை அறிந்த நாள் முதல் நான் பட்டு வாங்கியதில்லை. ஆனால் முன்பே எடுத்த இழையை என் செய்வது? அதைத் தைப்பதால் புதிதாக ஓர் உயிரும் போவதில்லை என்று ஒரு மனம் சொல்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றுமே வினைக்கு வாயில் அல்லவா, அழகாய்த் தைத்துப் பலரும் பாராட்டும்படி வைத்தால் அது உடன்படல் ஆகாதா என்று மற்றொரு மனம் கேட்கிறது. பிறர்க்குக் கொடுத்துவிட்டால் அதே வினாவை அவர்கள் கையில் கொடுத்ததாகும். பெட்டியை ஆண்டுக்கொரு முறை திறந்து, வெயில் காட்டி, மூடிவிடுகிறேன். நிறம் சிறிதும் மங்கவில்லை.

கொத்து இப்போது பரண்மேல் இருக்கிறது. முன்பு முகம் சுளித்த பேத்தி, திருமணமாகிச் சென்ற இடத்துக்கு வடிகட்டும் துணி இரண்டு வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். ஒன்று முடிந்தது. மற்றதற்கு மூலையில் அவள் பெயரின் முதலெழுத்தைப் பவழமல்லி நூலால் இட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு துவைப்பில் போய்விடும். அடுத்த ஐப்பசியில் மறுபடி இட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.