இல்லத்தின் அழகும் சிக்கனத்தின் அளவும்

இல்லறம் என்னும் சொல்லிலேயே இல்லும் அறமும் ஒருங்கே அமைந்துள்ளன. இல்லத்தைப் பற்றி எழும் எந்த வினாவும் முடிவில் அறத்தைப் பற்றிய வினாவாகவே ஆகிவிடுவது அதனால்தான் போலும். வீட்டை அழகுபடுத்துதல் என்னும் சிறு செயலும் இதற்கு விலக்கன்று. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர் தம் வீட்டை அழகுபடுத்தத்தான் வேண்டுமா? அது தேவையா, வீண் பெருமையா? கையால் செய்தும், பழையதைப் பயன்கொண்டும் சிக்கனமாக அழகுபடுத்தினால், அந்தச் சிக்கனமே அறமாகிவிடுமா? இவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

இவை பொழுதுபோக்கான வினாக்கள் அல்ல. இன்று நகரங்களில் உள் அலங்காரத்துக்கென்றே நிறுவனங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் தவணையில் தருகிறார்கள். “பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும்” என்னும் ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் தவணை கட்டும் குடும்பங்களை நாம் அறிவோம். மற்றொரு பக்கத்தையும் ஆசிரியப் பணியில் நாம் கண்டிருக்கிறோம். வகுப்பில் முதலிடம் பெறும் மாணவியர்கூடத் தோழியரை வீட்டுக்கு அழைக்கத் தயங்குவர். காரணம் கேட்டால் தலை குனிவர். தம் வீடு அழகாக இல்லை என்னும் நாணம் அந்த இளம் உள்ளங்களை எவ்வளவு வருத்தும் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். ஒரு புறம் கடன்; மறு புறம் நாணம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நல்வழி உண்டா என்பதே நாம் காண வேண்டுவது.

அழகு தேவையா?

எளிமையைப் போற்றி வளர்ந்த நம்மவருள் சிலர், “வீட்டுக்கு அலங்காரம் எதற்கு? ஒண்ட ஓர் இடம் போதாதா?” என்பர். இக்கூற்றை ஆராயச் சித்தன்னவாசல் நமக்கு உதவுகிறது. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அக்குன்றின் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் முனிவர்கள் கிடந்த கற்படுக்கைகள் உள்ளன. வழவழப்பாகச் செதுக்கிய கல், அதன் தலைப்பக்கத்தில் சற்றே உயர்ந்த கல் தலையணை; வேறொன்றும் இல்லை. அதே குன்றின் மற்றொரு பக்கத்தில் உள்ள அறிவர் கோயிலின் மேல்விதானத்திலோ ஒரு தாமரைத் தடாகமே மலர்ந்திருக்கிறது. மீன்களும் பறவைகளும் யானைகளும் மலர் கொய்வோரும் அதில் உள்ளனர். இதனைச் சமவசரணத்துத் தடாகம் என்று அறிஞர்கள் கூறுவர். ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இவ்வோவியம் விலையுயர்ந்த பொன்னாலோ மணியாலோ ஆனதன்று. சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவிக்கல் முதலிய எளிய வண்ணங்களைக் கொண்டு தீட்டப்பட்டது.

துறந்தோர்க்குக் கல் போதும். அவர்க்கு அதுவே அழகு. இல்லறத்தார் வந்து வணங்கும் இடத்திலோ கண்ணுக்கும் கருத்துக்கும் இனிய அழகு விலக்கப்படவில்லை. ஒரே குன்றில் இரண்டும் இருப்பது நமக்கு ஒரு பாடம். துறவியின் அளவுகோலால் இல்லறத்தாரை அளத்தல் பொருந்தாது. குழந்தைகள் வளரும் வீட்டில், முதியோர் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் வீட்டில், அழகு என்பது உள்ளத்துக்கு உணவு. அதனை மறுப்பது எளிமையன்று. ஆனால் எது அழகு என்பதில்தான் நாம் வழி தவறுகிறோம்.

முதல் அழகு

பணம் கேட்காத அழகுகள் மூன்று: தூய்மை, ஒழுங்கு, வெளிச்சம். இம்மூன்றும் இல்லாத வீட்டில் எத்தனை பொருளை வாங்கி மாட்டினாலும் அது கடையாகத் தோன்றுமேயன்றி வீடாகத் தோன்றாது. சன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை ஒரு முழம் நகர்த்துவதும் அலங்காரமே. நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் சிறிது உப்பும் நீலமும் கலந்து சுவருக்கு அடிப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். மண் சுவருக்கும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் அது இன்றும் ஏற்றது. சுவரின் ஈரம் வெளியேற அது இடம் தரும். இருண்ட அறையையும் வெளிச்சமாக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொண்டால், வீட்டாரே கூடிச் செய்யத்தக்க வேலை அது.

வாயிலில் இடும் கோலமும் அத்தகையதே. அரிசிமாவால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகிறது. ஒட்டிவிட்டுச் செல்லும் நெகிழித்தாள் கோலம் நாள்தோறும் குனிந்து நிமிரும் வேலையை மிச்சப்படுத்துகிறது. ஆயின், நாள்தோறும் ஈயும் வாய்ப்பையும் எடுத்துவிடுகிறது. அழகு பிற உயிர்க்கும் உதவக்கூடும் என்பதைக் குழந்தைக்குக் கற்பிக்க இதனினும் எளிய பாடநூல் இல்லை.

கை கற்பிக்கும் பாடம்

நம் காலத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் கைத்தொழிலும் ஒரு பாடமாக இருந்தது. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலிருந்து கிளைத்த ஆதாரக் கல்வியின் கொடை அது. நூல் நூற்றல், அட்டை வேலை, தையல், பாய் முடைதல் ஆகியவற்றின் நோக்கம் மாணவரைத் தொழிலாளியாக்குவது மட்டுமன்று. ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைக் கை அறிந்தால், அதன் மதிப்பை மனம் அறியும் என்பதே அதன் கருத்து.

எடுத்துக்காட்டாகக் காகிதக்கூழ்க் கூடையைக் கூறலாம். பழைய தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்துடன் சேர்த்து மைய அரைத்து, கவிழ்த்த குடத்தின்மேல் துணி விரித்து அப்பி, வெயிலில் உலர்த்தி எடுத்தால் உறுதியான கூடை கிடைக்கும். முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் நம் பெண்கள் இக்கூழையே பூசினர். நைந்த பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் மெத்தை விரிப்பாகும். அதே சேலைத்தலைப்பு சன்னலுக்குத் திரையாகும். உடைந்த பெட்டிப் பலகை புத்தகத் தட்டாகும். இவற்றில் செலவு சிறிது, உழைப்பே பெரிது. ஒரு கூடை உலர மூன்று நாள் காத்திருந்த பிள்ளை, கடையில் வாங்கிய கூடையையும் எளிதில் தூக்கி எறியாது.

சேவாகிராமத்தில் 1936-ஆம் ஆண்டு முதல் காந்தியடிகள் வாழ்ந்த குடில்களும் இவ்வாறே அமைந்தன. மண்ணும் மூங்கிலும் நாட்டு ஓடும் கொண்டு, சுற்றுவட்டாரத்துப் பொருளாலும் உள்ளூரார் உழைப்பாலும் எழுந்தவை அவை. அவ்வளவு எளிய குடிலின் மண் சுவரிலும் மீராபென் அம்மையார் பனைமரங்களையும் இராட்டையையும் புடைப்பாக வடித்து வைத்தார். சுவரும் மண், ஓவியமும் மண். எளிமைக்கும் அழகுக்கும் பகையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சிக்கனம் யாருடைய செலவில்?

இதுவரை சொன்னவற்றை எவரும் ஒப்புவர். இனிச் சொல்வதே கடினமானது. சிக்கனமும் சில வேளைகளில் அறத்தினின்று வழுவும்.

வந்தவாசிப் பக்கத்துக் கோரைப்பாயை நாம் நன்கு அறிவோம். கோரையை அறுத்து, கிழித்து, உலர்த்தி, ஊறவைத்து, சாயமேற்றி, பாவு நூலில் கோத்து நெய்ய வேண்டும். அத்தனை உழைப்பும் சேர்ந்த பாயைச் சுமந்துகொண்டு ஒருவர் நம் வாயிலுக்கு வருகிறார். அவரிடம் இருபது ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு, “சிக்கனமாக வாங்கினேன்” என்று மகிழ்கிறோம். அதே நாள் மாலையில், குளிரூட்டிய கடையில், அச்சிட்ட விலையை ஒரு சொல்லும் பேசாமல் கொடுத்து வருகிறோம். நாம் மிச்சம் பிடித்த அந்த இருபது ரூபாய் எங்கிருந்து வந்தது? பாய் நெய்தவர் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. அதனைச் சிக்கனம் என்று அழைத்தல் தகுமோ?

தஞ்சையில் 1892-இல் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா இதனை அன்றே எடுத்துரைத்தார். ஒரு பொருளை வாங்குவோர் அது உருவான முறைக்கும் பொறுப்பாளரே என்பது அவர் கொள்கை. செய்தவரை வருத்திச் செய்த பொருளை அறிந்தே வாங்கினால், அவ்வருத்தத்தில் நமக்கும் பங்குண்டு. கொல்லாமையை உணவில் காக்கும் நாம், பிறர் உழைப்பை வாங்கும் இடத்திலும் அதனைக் காக்க வேண்டாவா? ஆகவே நாம் கொள்ளத்தக்க விதி இது: நம் உழைப்பால் செலவைக் குறைப்பது சிக்கனம், பிறர் கூலியால் செலவைக் குறைப்பது சிக்கனமன்று. இரண்டு பாய் வாங்க எண்ணிய இடத்தில் ஒன்றை உரிய விலைக்கு வாங்குவதே முறை.

சேர்க்கும் ஆசை

சிக்கனத்துக்கு இன்னொரு வழுக்கலும் உண்டு. “பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்” என்று பள்ளிகளில் செயல்திட்டம் தருகின்றனர். நல்ல நோக்கமே. ஆனால் ஒரு காலிப் புட்டியை அழகுபடுத்தத் தெர்மோகோல், மினுக்குத்தூள், பசை, வண்ணம் என்று கடையில் வாங்கி வருகின்றனர். கண்காட்சி முடிந்ததும் அனைத்தும் குப்பைக்குச் செல்கின்றன. ஒரு புட்டியைக் காக்கப் புறப்பட்டு, ஒரு கூடைக் குப்பையைப் பெருக்கியதாகிறது.

வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. “எதற்காவது உதவும்” என்று புட்டிகளும் அட்டைப் பெட்டிகளும் கிழிந்த துணிகளும் பரண் நிறையச் சேர்கின்றன. மலிவு என்பதற்காக வாங்கியவையும், இலவசம் என்பதற்காகக் கொண்டுவந்தவையும் உடன் சேர்கின்றன. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு நிலத்துக்கும் பொன்னுக்கும் மட்டும் உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இல்லறத்தார் அளவு வரையறுத்துக்கொள்ள வேண்டியவற்றுள் வீட்டுத் தட்டுமுட்டுகளையும் துணிமணிகளையும் முன்னோர் சேர்த்தே எண்ணினர். மேலும், பற்று என்பது பொருளின் விலையில் இல்லை. மனம் அதனைப் பிடித்துக்கொள்ளும் பிடியில் இருக்கிறது என்று தத்துவார்த்த சூத்திரம் தெளிவுறுத்துகிறது. ஓர் இலட்சம் ரூபாய்ச் சோபாவிலும் பற்று உண்டு. ஓட்டை வாளியிலும் பற்று உண்டு. கையால் செய்தது என்பதாலேயே அது பற்றுக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. “நானே செய்தேன்” என்னும் பெருமிதம் விலை கொடுத்து வாங்கிய பெருமிதத்தினும் பிடிவாதமானது.

இங்கே பெண்கள் பலர் கேட்கும் ஒரு வினாவையும் கருதுவோம். பெட்டியில் கிடக்கும் பழைய பட்டுச் சேலையைத் தலையணை உறையாகவோ திரையாகவோ தைக்கலாமா? கூட்டுப்புழுக்களைக் கொன்று எடுத்த இழை அது என்பதை அறிந்தபின் மனம் உறுத்துவது இயல்பே. நம் கருத்து இதுதான். ஆன கொலையை மீட்க நம்மால் இயலாது. அச்சேலையை எறிந்துவிட்டுப் புதிதாக நெகிழித் திரை வாங்குவதால் எந்த உயிரும் பிழைக்கப் போவதில்லை. இருப்பதை நையும்வரை பயன்படுத்தலாம். புதிதாகப் பட்டு வாங்காதிருப்பதே உறுதியான நோன்பு. ஆனால் அதனை வரவேற்பறையில் பெருமைக்குரியதாகக் காட்டி, காண்போர்க்குப் பட்டின்மேல் ஆசையை எழுப்புவது முறையன்று. இதனை ஏற்காமல், பட்டே வீட்டில் வேண்டா என்று விலக்குவோரும் உளர். அவர்தம் மென்மையை நாம் வணங்குகிறோம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வருவாய் சிறிதாயினும் செலவின் வாய் அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் காட்டும் நெறி. செலவின் வாயைப் பணத்தால் மட்டும் அளவாமல் மூன்று கேள்விகளால் அளப்போம். ஒரு பொருளை வாங்குமுன், அல்லது செய்யுமுன், இவற்றை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இது வீட்டில் வாழ்வோர்க்கா, வந்து பார்ப்போர்க்கா? இதன் உண்மையான விலையை நாம் கொடுக்கிறோமா, வேறு எவரேனும் கொடுக்கிறாரா? நாளை இதனை ஒருவர் விரும்பிக் கேட்டால் முகம் வாடாமல் கொடுக்க இயலுமா? மூன்றுக்கும் நேர்மையாக விடை கூற முடிந்தால் அப்பொருள் நம் வீட்டுக்கு அழகு சேர்க்கும். அது மண் அகலாயினும் சரி, மரக்கட்டிலாயினும் சரி.

வர்த்தமான பெருமான் முக்தி பெற்ற தீபாவளித் திருநாளுக்கு முன் வீடுகளை ஒட்டடை அடித்துத் தூய்மை செய்வது நம் வழக்கம். அவ்வேளையில் பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொள்வோம். பரணிலிருந்து இறக்கியவற்றில் ஒன்றைக் கையால் புதுக்கி வீட்டில் வைப்போம்; தேவைக்கு மிகுந்தவற்றுள் நல்ல நிலையில் உள்ள ஒன்றை, தேவைப்படுவோர்க்கு உடனே கொடுத்துவிடுவோம். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.