தோட்டத்துக்குத் தடை!

1851-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள். பிரஷ்ய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தடை! எதற்குத் தடை? வெடிமருந்துக் கிடங்குக்கா? அல்ல. ஆயுதம் தாங்கிய கலகக் கூட்டத்துக்கா? அதுவும் அல்ல. பள்ளி வயதையும் எட்டாத மழலைகள் மண்ணைக் கிளறி, விதை ஊன்றி, நீர் வார்த்து, ஆடிப்பாடி மகிழ்ந்த தோட்டத்துக்குத் தடை!

சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள், தோழர்களே! பீரங்கிப் படை வைத்திருந்த அரசு பிஞ்சுக் கைகளைக் கண்டு அஞ்சிற்று. ஏன் அஞ்சிற்று? அந்த அச்சத்தில் பொருள் இருந்ததா, அல்லது வெறும் மருட்சியா? இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், இதனினும் பெரிய கேள்வி ஒன்று வழிமறித்து நிற்கிறது: குழந்தை யாருடைய உடைமை?

தோட்டத்தைக் கண்டவர் பிரெடெரிக் புரோபெல். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், 1782-ல், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஓராண்டு நிரம்புமுன்பே தாயை இழந்தவர். இளமையில் வனத்தொழில் பயிலச் சென்று மரங்களோடு பழகினார். பின்னர் பெர்லினில் கனிமப் பேராசிரியர் ஒருவருக்குத் துணையாக இருந்து படிகங்களை ஆராய்ந்தார். மரமும் கல்லும் அவருக்கு ஆசான்கள். 1837-ல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-ல் அந்த முறைக்குப் பெயர் சூட்டினார், கிண்டர்கார்ட்டன் என்று. குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள்.

பெயருக்காக வைத்த பெயரன்று அது. மெய்யாகவே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு சிறு பாத்தி. அந்தப் பாத்திகளை அணைத்தவாறு, அனைவருக்கும் பொதுவான பூப்பாத்திகள், காய்கறிப் பாத்திகள். பொதுப் பாத்தியில் கூடி உழைக்க வேண்டும். தன் பாத்தியிலோ, குழந்தை விரும்பியதை விரும்பியவாறு நடலாம். பிடுங்கிப் பார்க்கலாம், நீர் ஊற்றாமல் மறந்தும் போகலாம். செடி வாடும். வாடியது ஏன் என்று குழந்தை கேட்கும். பிரம்பு இல்லை, வசை இல்லை. வாடிய செடியே பாடம்! கவனக்குறைவின் விளைவைக் கண்ணால் கண்டு கவனத்தைக் கற்கட்டும் என்பதே புரோபெல் எண்ணம்.

இதைத்தான் அதிகாரிகள் நாத்திகம் என்றனர். சமதர்மச் சூழ்ச்சி என்றனர். அவர் உடன்பிறந்தார் மகன் கார்ல் புரோபெல், பெண்களின் உயர்கல்வி பற்றியும் கிண்டர்கார்ட்டன் பற்றியும் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொண்டது அரசு. 'அவர் வேறு, நான் வேறு' என்று முறையிட்டார் முதியவர். ஆணை மாறவில்லை. 1852-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் மறைந்தார். தடை நீங்கியதோ 1860-ல். இடைப்பட்ட காலத்தில் அவர் வழி வந்தோர் பல நாடுகளில் அந்த முறையைப் பரப்பினர். 1856-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரெத் ஷூர்ஸ் என்ற அம்மையார் ஒரு கிண்டர்கார்ட்டன் தொடங்கினார். வேலி போட்டுத் தடுத்த விதை கடல் கடந்து முளைத்தது!

இதில் விந்தை என்ன தெரியுமா? நாத்திகத்துக்கு ஆள் சேர்ப்பவர் என்று குற்றம் சாட்டப்பட்ட புரோபெல், ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை கொண்டவர்! இயற்கை முழுவதிலும் இறைமையின் ஒருமையைக் கண்டவர். அப்படியானால் அரசின் அச்சம் ஆளை மாற்றிப் புரிந்துகொண்ட பிழை மட்டும்தானா?

இல்லை என்பேன். ஆளை அறிவதில் அரசு தவறிற்று. தோட்டத்தை அறிவதில் தவறவில்லை. அவரை விதை முளைப்பதற்கு ஆணையிட்டவர் எவர்? தலைகீழாக ஊன்றினாலும் முளை மேல்நோக்கியே வருகிறதே, அதைத் திருப்பியவர் எவர்? தன் பாத்தியில் இதைக் கண்ட குழந்தை, 'பெரியவர் சொன்னார்' என்பதோடு நில்லாது. 'ஊன்றிப் பார்ப்போம்' என்று சொல்லும். ஊன்றிப் பார்க்கப் பழகிய கை, நாளை எதைத்தான் ஊன்றிப் பாராது விடும்? அரியணையையும் பார்க்கும், ஆலயத்தையும் பார்க்கும். அஞ்சத்தக்கதைக் கண்டே அஞ்சிற்று அரசு!

இன்னொரு காட்சி காண்போம். 1907-ஆம் ஆண்டு, ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி; ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளில் திரிந்த குழந்தைகளுக்காக மரியா மாண்டிசோரி என்ற மருத்துவ அம்மையார் ஓர் இல்லம் திறந்தார். பள்ளிகளில் அன்று தரையோடு பிணைத்த கனத்த பெஞ்சுகள் இருந்தன. அவர் அவற்றை ஒதுக்கினார். குழந்தையே தூக்கி வைக்கத்தக்க சிறு நாற்காலிகள் செய்வித்தார்; குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளை வைத்தார். 'நாற்காலியைத் தட்டி உருட்டிவிடுமே குழந்தை?' என்றனர் பலர். உருட்டட்டும் என்றார் அம்மையார். உருண்ட ஓசையே அதற்குத் தன் தவற்றை உணர்த்தும். நகராத பெஞ்சு தவற்றை மறைக்குமேயன்றித் திருத்தாது என்பது அவர் கருத்து. புரோபெலின் தோட்டத்தில் வாடிய செடி. மாண்டிசோரியின் இல்லத்தில் உருண்ட நாற்காலி. இரண்டிடத்திலும் திருத்துவது பொருளின் இயல்பு. பெரியவரின் சினம் அன்று.

அவருக்கும் சோதனை வந்தது. முசோலினியின் அரசு முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தது. அந்தக் கையை அவரும் ஏற்றார். அது அவர் வரலாற்றில் ஒரு கறை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அணிவகுக்கும் குழந்தைகளைக் கேட்ட ஆட்சிக்கும், தானே எண்ணும் குழந்தைகளை வளர்த்த இல்லத்துக்கும் எத்தனை நாள் பொருந்தும்? 1930-களில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ல் அவர் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது தனிக்கதை.

இனி, மறுப்போர் வாதத்தையும் கேட்போம். 'கட்டுப்பாடின்றி விட்டால் குழந்தை காட்டுச்செடியாகுமே!' என்பர். தோழர்களே, தோட்டம் காடன்று. மண்ணைப் பண்படுத்தியவர் பெரியவர். வேலி கட்டியவர் பெரியவர். நச்சுச்செடியை அகற்றியவரும் அவரே. இடத்தை ஒழுங்கு செய்யும் கடமை நமக்கு உண்டு. குழந்தையின் எண்ணத்தை ஒழுங்கு செய்து ஊட்டும் உரிமைதான் நமக்கு இல்லை. கடமைக்கும் உரிமைக்கும் இடையே ஓடும் இந்த மெல்லிய கோட்டைக் காண்பதே கல்வியின் அறம்.

'குழந்தை ஒரு செடி, ஆசிரியர் தோட்டக்காரர்' என்று அழகாகப் பேசுவோரும் உண்டு. அதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தன் விருப்பம்போல் வெட்டி வடிவமைக்கும் தோட்டக்காரரும் உண்டன்றோ? எனவே நான் சொல்வேன்: குழந்தை செடியன்று. குழந்தையே தோட்டக்காரர்! நாம் நிலம் தருவோர், அவ்வளவே.

இங்கே நம்மை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. அதற்கு முகம் திருப்புவது அறிவுடைமை ஆகாது. 'கடவுள் உண்டு' என்று பொருள் அறியாது ஒப்புவிக்கும் குழந்தையைக் கண்டு நாம் வருந்துகிறோம். 'கடவுள் இல்லை' என்று பொருள் அறியாது ஒப்புவிக்கும் குழந்தையைக் கண்டால் மட்டும் மகிழலாமா? இருவரும் ஒரே பெஞ்சில், தரையோடு பிணைத்த அதே பெஞ்சில்தான் அமர்ந்திருக்கிறார்கள்! முன்னதைப் பழித்துப் பின்னதைப் புகழ்ந்தால், நாம் மாற்றியது பாடத்தை, பிரம்பை அன்று. பகுத்தறிவு பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைக்கும் பொருளன்று. பகுத்துப் பார்க்க இடமும் நேரமும் தந்தால், தானே முளைப்பது. நாளை அந்தக் குழந்தை நம் முடிவையே மறுக்கக்கூடும். அந்த மறுப்பைத் தாங்கும் நெஞ்சுரம் இல்லாதவர், பிரஷ்ய அமைச்சரைப் பழிக்கும் தகுதியும் இல்லாதவர்.

இன்று நம் ஊர்களில் பார்க்கிறோம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோம். அந்தக் கடைசி எழுத்து தோட்டத்தைக் குறிப்பது என்பதையே மறந்தோம்! பெயரில் தோட்டம் இருக்கிறது. எத்தனையோ பள்ளிகளின் வளாகத்தில் ஒரு துளசிக்கும் இடமில்லை. பென்சில் பிடிக்கத் திணறும் விரலுக்கு வீட்டுப்பாடம். கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு? 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பெயரிலேயே 'அங்கன்' இருக்கிறது. இந்தி மொழியில் முற்றம் என்பது பொருள். முற்றமே இல்லாத அங்கன்வாடியைக் கண்டால் என் செய்வது? அங்கே முற்றம் கேட்பது ஆடம்பரம் ஆகுமா?

கேட்பது பெரிதன்று. நான்கு முழ மண். ஒரு பிடி அவரை விதை. குழந்தை தூக்கத்தக்க ஒரு சிறு வாளி. கால் தரையில் பதியும் உயரத்தில் ஓர் இருக்கை. இவற்றோடு, 'கையைக் கழுவு, மண்ணைத் தொடாதே!' என்று அதட்டாத பெரியவர் ஒருவர். இதற்குக் கோடிகள் வேண்டா, மனம் வேண்டும். உங்கள் தெருவின் அங்கன்வாடிக்கு இந்த வாரமே சென்று பாருங்கள். முற்றம் இருந்தால் விதை கொண்டு செல்லுங்கள், இல்லையேல், கேளுங்கள்.

குழந்தை யாருடைய உடைமை? அரசின் உடைமை என்றது பிரஷ்யா. கோயிலின் உடைமை என்பர் சிலர். பெற்றோரின் உடைமை என்பர் பலர். கொள்கையின் உடைமை என்று நம்மில் எவரேனும் சொன்னால், அவரும் அதே வரிசையில் நிற்பவர்தாம். தன் பாத்தியில் குந்தி, முளைவிட்ட அவரையை விழிவிரியப் பார்க்கும் அந்தக் குழந்தையோ எவருடைய உடைமையும் அன்று. அது தன்னுடையது. அந்த ஒன்றை ஒப்புக்கொள்ள நம் நெஞ்சம் துணியுமானால், பள்ளியின் சுவரை எங்கே எழுப்புவது, சன்னலை எங்கே திறப்பது என்பதெல்லாம் பிறகு தாமே விளங்கும்.