எழுதியதை யாரிடம் கொடுப்பது?

ஈஸ்ற்ஹாமில் நான் வேலைசெய்யும் சாப்பாட்டுக்கடையின் குசினிக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கழுவுவதற்குக் கோப்பைகள் வருவது குறையும். அந்த நேரத்தில் அங்கிருந்து எழுதியவைதான் என்னிடமுள்ள மூன்று கொப்பிகளும். ஆறு வருடங்களாக ஒருவருக்கும் காட்டவில்லை.

காட்டாததற்கு நான் எனக்கே சொல்லிவந்த காரணம் தகுதி. பல்கலைக்கழகப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன். ஷெல்லடியையும் முகாமையும் என்னைவிடக் கூடப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் பேசாமல் இருக்க, கோப்பை கழுவுகிறவனின் சொந்தக்கதை யாருக்கு வேண்டும்? இதை அடக்கம் என்றே நம்பியிருந்தேன். இப்போது அப்படிப் படவில்லை. அடக்கமுள்ளவன் எழுதியதைக் கொண்டுபோய் ஒருவரிடம் கொடுத்து, "பாருங்கோ" என்பான். நான் செய்தது வேறு. எழுதியவனும் நானே, வாசகனும் நானே, தீர்ப்புச் சொல்கிற நீதவானும் நானே. இதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவியவர் (எங்கட ஆள்!). அந்த நாட்களையும் லண்டனில் வீடற்றவர்களோடு திரிந்த நாட்களையும் எழுதிய பிரதியை இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அதில் ஒன்றுக்காக மறுத்தவர் கவிஞர் ரி. எஸ். எலியற். மனம் விட்டுப்போய் மேபல் ஃபியர்ஸ் என்ற சிநேகிதியிடம் பிரதியைக் கொடுத்து, இதை அழித்துவிட்டுத் தாள்களைக் கோத்திருக்கும் கிளிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படி சொன்னாராம். அவர் அழிக்கவில்லை. ஒரு இலக்கிய முகவரிடம் கொண்டுபோனார். 1933 ஜனவரியில் விக்ரர் கொலன்ஸ் அதை வெளியிட்டார். அப்போதும் எரிக் பிளேயர் என்ற சொந்தப் பெயரைப் போட மனம் வரவில்லை. பெற்றோருக்குச் சங்கடம் என்ற பயம். ஓர்வெல் என்ற பெயரே அந்தத் தயக்கத்தில் பிறந்ததுதான். சந்தேகம் தீர்ந்தபிறகு அவர் புத்தகம் போட்டார் என்று சொல்வதற்கில்லை. சந்தேகம் இருந்தபடியேதான் இருந்தது. இன்னொருவரின் கை பட்டதால் புத்தகம் வந்தது.

இந்த இடத்தில் சிவரமணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாழ் பல்கலைக்கழக மாணவியாக இருந்த அவர், 1991 மே 19இல், தன்னிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதை எழுத்தின்மீதான தயக்கம் என்று நான் சுருக்க மாட்டேன். அந்தச் சாவுக்கு வெளியிலிருந்து விளக்கம் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் நாம் இன்று வாசிப்பது ஏற்கெனவே பிறர் கைகளுக்குப் போய்ச்சேர்ந்திருந்த கவிதைகளைத்தான். பெண்கள் ஆய்வு வட்டம் அதே வருடம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. எரித்தவரின் கவிதையை அச்சிடுவது சரியா என்று பின்னாளில் கம்பசில் நாங்கள் வாதாடியிருக்கிறோம். கொடுத்தது கொடுத்ததுதான் என்பது என் கட்சி. "உயிரோட இருக்கிறவர் திருப்பிக் கேக்கலாம். செத்தவர் என்னெண்டு கேக்கிறது?" என்றான் ஒருவன். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் என் உண்மையான பயத்தைக் காட்டித்தந்தது. கொப்பிகளில் நான் மட்டும் இல்லை. என்னை அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசுக்காக அம்மா தோட்டக்காணி விற்றது இருக்கிறது. அது அக்காவின் சீதனத்துக்கென்று வைத்திருந்த காணி. அக்கா அதற்குப்பிறகு என்னோடு கதைப்பதில்லை. என் தகுதி பற்றி வாசகர் பதில் சொல்லட்டும். இதற்கு அவர்கள் இருவரும்தான் சொல்லவேண்டும்.

அக்காவுக்கு எடுக்கத் துணிவு வரவில்லை. ஒரு ஞாயிறு அம்மாவுக்கு எடுத்து அந்த நாலு பக்கத்தையும் வாசித்தேன். சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் "அம்மா" என்று கூப்பிட்டேன். முடிந்ததும் சொன்னார்: "அது அஞ்சு பரப்பில்லையடா, ஏழு பரப்பு. எழுதிறதெண்டால் சரியா எழுது." பிறகு, "கொக்காவுக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார்.

ஏழு என்று திருத்தினேன். அக்காவுக்கு எடுக்க இன்னும் இரண்டு கிழமை சென்றது. முழுவதையும் கேட்டுவிட்டு, "என்ர பேரைப் போடாதை" என்றார். பத்து வருடத்தில் அவர் என்னோடு கதைத்தது அவ்வளவுதான். பேரைப் போடவில்லை.