மறந்துபோன பை

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் ஒரு மாலை நாலு முழம் மல்லிகை வாங்கினேன். பூக்காரம்மாள் அளந்துகொண்டிருக்கும்போதே, கூடையோரம் சாத்தியிருந்த அட்டைக்கு நேரே கைபேசியைக் காட்டிப் பணம் அனுப்பிவிட்டேன். "80 ரூபாய் பெறப்பட்டது" என்று பக்கத்திலிருந்த சின்னப் பெட்டி கூவிற்று. காலத்தோடு ஒட்டி வாழ்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையோடேயே, "ஒரு கவரில் போட்டுக் கொடம்மா" என்றேன்.

"கவர் இல்லீங்க. ஐயா பை கொண்டாரலையா?"

கொண்டுபோகவில்லை. கைபேசி மறக்கவில்லை, பை மறந்துவிட்டது. திருச்சிக்குப் பஸ் ஏறிய பிறகும் இது உறுத்திக்கொண்டே இருந்தது.

யு.பி.ஐ. என்னும் பணம் அனுப்பும் முறை 2016-ல் வந்தது. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் பிறந்தது. இரண்டு மாறுதல்களும் ஒரே கூடைக்குத்தான் வந்து சேர்ந்தன. ஒன்று வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மற்றது இன்னும் திண்ணையில் நிற்கிறது. ஏன்?

முதலாவது எல்லோருக்கும் சௌகரியம். எனக்குச் சில்லறைத் தொல்லை இல்லை. தெரு வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில், முதல் கடனாக 10,000 ரூபாய் வரை கொடுத்ததோடு, கைபேசி வழியே பணம் வாங்கினால் சிறு ஊக்கத்தொகையும் வைத்தார்கள். இரண்டாவது மாறுதலுக்கு அப்படி ஓர் இனிப்பு இல்லை.

"கவர் இல்லேன்னா சில பேர் அடுத்த கடைக்குப் போயிடறாங்க" என்றாள் அந்த அம்மாள். வந்த 80 ரூபாயைப் பெட்டி கூவுகிறது. போன வாடிக்கையை அது கூவுவதில்லை. காவேரியைக் காப்பாற்றும் செலவு அவள் கணக்கில் ஏறுகிறது. கவர் கேட்டவனோ நான்!

பெரிய ஆலைகளைத் திருத்திவிட்டுப் பூக்காரியிடம் வரட்டுமே என்பார்கள். நியாயந்தான். ஆனால் ஆலைக்காரனின் பாவம் என் வெறுங்கைக்குச் சமாதானம் ஆகுமா? சிறு கடை மாற வேண்டுமென்றால், அதன் சிரமத்தில் பாதியை வாங்குகிறவன் சுமக்க வேண்டும். அதுதான் தர்மம் என்று எனக்குப் படுகிறது.

அவள் அதற்குள் வாழைச் சருகில் பூவைச் சுற்றி, நாரால் கட்டி நீட்டிவிட்டாள். திருச்சி வாழை விளையும் சீமை; வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கே இருக்கிறது. நாம் புதுமை என்று தேடுவது அவள் கூடையிலேயே பழசாய்க் கிடந்தது.

மறு வாரமும் பையை மறந்துதான் போனேன். ஆனால் கவர் கேட்கவில்லை. மேல்துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். துண்டு இரண்டு நாள் மணத்தது.