ஏழையின் பண்டிகைச் செலவு: ஓர் அறவியல் நோக்கு

வரவறிந்து செலவு செய்க என்பது மூத்தோர் இளையோர்க்கு உரைக்கும் முதற்பாடங்களுள் ஒன்றாகும். ஆயின் இப்பாடம் பெரும்பாலும் வசதியுள்ளோர் வாயிலிருந்து வசதியற்றோர் செவியை நோக்கியே செல்வதைக் காணலாம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இது சற்று உரத்தே ஒலிக்கும். தீபாவளியை முன்னிட்டு இந்துக்களும் நத்தாரை முன்னிட்டுக் கிறித்தவர்களும் தோட்ட நிருவாகத்திடம் பண்டிகை முற்பணம் பெறுவது நெடுநாள் வழக்கம். பெற்ற தொகை பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை முறையிற் கழிக்கப்படும். கடன்பட்டுப் பண்டிகை கொண்டாடும் சனங்கள் எக்காலத்தில் முன்னேறுவார்கள் என்று தோட்டத்து எழுதுவினைஞர் கேட்கிறார். விடுமுறையில் ஊர் திரும்பிய பல்கலைக்கழக மாணவனும் கேட்கிறான். துணியை விற்றுப் பணத்தைப் பெட்டியில் இட்டபின் ஹட்டன் நகரத்து வணிகரும் இதையே கேட்பதுண்டு.

கேட்போரின் தகுதி எதுவாயினும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வளர்ந்தவன் ஒருவன் தன்பொருட்டுக் கடன்பட்டால் அதன் பயனும் பழியும் அவனுக்கே உரியன. இங்கோ கடன்படுபவள் தாய். எவர்பொருட்டுக் கடன்படுகின்றாளோ அது மடியிலிருக்கும் குழந்தை. மாசி மாதத்தில் அக்கடன் இறுக்கப்படும்போது குறைவதும் அதே குழந்தையின் உணவு. தான் அறியாத ஒரு மகிழ்ச்சிக்கு, தன் இசைவு கேட்கப்படாமலே, ஒரு குழந்தை விலை கொடுக்கின்றது. இது அறமாகுமா என்பதே இங்கு எழும் வினா.

இதனை வெறுங் கருத்துநிலையில் நின்று ஆராய்வதினும் ஒரு வாழ்க்கையினூடாக நோக்குதல் நன்று. டிக்கோயாவுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே ஏதேனும் ஒரு தோட்டத்தின் லயத்தை எண்ணிக்கொள்ளலாம். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிரா. அதிலே தாய், தந்தை, தந்தையின் தாய், ஐந்து வயதுப் பெண்பிள்ளை, எட்டு மாதக் கைக்குழந்தை. தாய் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு, குழந்தையைப் பழஞ்சேலைத் துண்டிற் சுற்றிப் பிள்ளைக் காம்பிராவுக்குக் கொண்டோடுகிறாள். அங்கே ஆயாவின் கையிற் கொடுத்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்குச் செல்லவேண்டும். பிந்தினால் பேர் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் வழங்கப்பட வேண்டும் என 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வகை செய்கின்றன. நல்ல சட்டம். ஆனால் மலை உச்சியிலுள்ள நிரையிலிருந்து பிள்ளைக் காம்பிரா வரை இறங்கி ஏறும் தூரத்தைச் சட்டம் அளந்ததில்லை. கூடையை வைத்துவிட்டுப் போன நேரத்துக்குரிய கொழுந்து நிறுவையிற் குறைந்தே நிற்கும். நிர்ணயித்த நிறை எட்டாவிடின் அரைப்பேர்தான். பால் சுரப்பதும் கொழுந்து நிறைவதும் ஒரே உடலின் இரு வேலைகளாய் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

மார்கழியில் இவ்வாழ்க்கை மேலும் இறுக்கமடைகின்றது. மூடுபனியில் துணி உலர்வதில்லை. குழந்தையின் ஈரத்துணிகள் அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் புகை மணத்தோடு காய்கின்றன. சளியும் இருமலும் வீட்டுக்கு வீடு. இவற்றுக்கிடையில்தான் ஐந்து வயதுப் பிள்ளை மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு நட்சத்திரம் கட்டத் தொடங்குகிறாள். பாலன் குடிலுக்கு வேண்டிய பாசியைப் பாறைகளிலிருந்து சுரண்டி எடுத்து வருகிறாள். தவழப் பழகிய தம்பி அதனை வாயில் வைக்கிறான். நட்சத்திரத்தின் ஒரு முனையைக் கிழிக்கிறான். அக்காள் அவனை அடிக்கிறாள். பாட்டி இருவரையும் ஏசுகிறாள். சம்பளநாள் கழிந்த ஞாயிறன்று தாய் நகருக்குச் சென்று இரு பிள்ளைகளுக்கும் புதுச்சட்டை வாங்கி வருகிறாள். "பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு விலையிலே சட்டை?" என்று மாமியார் கேட்கிறாள். "எல்லாப் பிள்ளையும் புதுசு போடுறப்ப என் பிள்ளை பழசோட இருக்கிறதா, மாமி?" என்பதே மறுமொழி.

மாமியாரின் கேள்வியை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ளல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 வீதம். இவ்வளர்ச்சிக் குறையின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்ந்துவிடுவது. பிற்பாடு ஈடுசெய்தற்கு அரியது. மேலும் தை முதல் பங்குனி வரை மேற்கு மலைச்சாரலில் வரட்சி நிலவும். திம்புள்ளைப் பகுதித் தேயிலையின் மணமும் சுவையும் உச்சமடையும் காலம் அதுவே. கொழுந்தின் அளவு குறையும் காலமும் அதுவே. ஏலத்தில் நல்ல விலை பெறும் தேயிலையைப் பறிப்பவளின் கூடை அப்போதுதான் இலேசாக இருக்கும். அந்த மாதங்களில்தான் முற்பணத் தவணையும் கழிகின்றது. சட்டையின் விலையை முட்டையாகவும் பருப்பாகவும் மாற்றிக் கணக்கிடுவோரை இரக்கமற்றோர் என்று தள்ளிவிட முடியாது. அவர்களும் குழந்தையின் பக்கம் நின்றே பேசுகின்றனர்.

மெய்யியலாளர் இவ்விடத்து ஒரே குரலிற் பேசவில்லை. ஈகையின் அளவு கொடுக்கப்படும் பொருளிலன்று, கொடுப்போனின் நிலையில் உள்ளது என்றார் அரிஸ்டோட்டில். குறைவாகக் கொடுப்பவனே மிக்க ஈகையுடையவனாதலும் கூடும் என்பது அவர் துணிபு. ஆனால் அதே நூலில், பெருஞ்செலவு செய்து சிறப்புச் செய்தல் வறியவனுக்கு ஆகாது, அதற்கு முயல்பவன் அறிவிலி என்றும் எழுதினார். தாயின் சட்டை முதல் வகையைச் சேர்ந்ததா, இரண்டாம் வகையைச் சேர்ந்ததா? அவர் கண்ட ஏதென்சில் இவ்வினா எழுந்திராது. அடிமைப் பெண்ணின் குழந்தைக்குப் பண்டிகைச் சட்டை வேண்டுமென எவரும் கேட்டிருக்கமாட்டார்.

இதற்கு நெருங்கி வந்தவர் பொருளியலாளரான அடம் சிமித். 1776 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர், இன்றியமையாப் பொருள்கள் எவை என்பதை உயிர் தரிக்க வேண்டுவனவற்றைக் கொண்டு மட்டும் வரையறுக்கவில்லை. எதனை அணியாமற் பலர்முன் செல்ல ஒரு நாட்டின் கீழ்நிலை மக்களும் நாணுவரோ அதுவும் இன்றியமையாததே என்றார். நார்த்துணிச் சட்டையின்றிக் கிரேக்கரும் உரோமரும் இனிதே வாழ்ந்தனர். ஆனால் தம் காலத்து நாட்கூலிக்காரன் அஃதின்றி வெளிவர வெட்குவான் என்பது அவர் காட்டிய சான்று. இவ்வளவுகோலால் அளந்தால் நத்தார்ச் சட்டை ஆடம்பரமன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வெட்கம் தெரியும். ஆலய முற்றத்தில் யார் புதுச்சட்டை அணிந்தார், யார் அணியவில்லை என்பதை அவள் வயதினர் ஒரே பார்வையிற் கணக்கெடுத்துவிடுவர்.

எனினும் எட்டு மாதக் குழந்தைக்கு வெட்கம் ஏது? சிமித்தின் வாதம் இங்கே நின்றுவிடுகின்றது. பரிசு என அறியாதவர்க்குத் தரப்படுவது பரிசாகுமா என்ற கடினமான கேள்வி இங்கேதான் பிறக்கின்றது. சட்டையைவிட அது சுற்றிவந்த தாளின் சலசலப்பே குழந்தைக்கு விருப்பமானது. அப்படியாயின் தாய் தன் மகிழ்ச்சியைத்தான் குழந்தையின் பெயரால் வாங்குகின்றாளா? ஓரளவுக்கு ஆம் என்றே சொல்லவேண்டும். அதில் நாணத்தக்கது எதுவுமில்லை. ஆயினும் அதனினும் மேலான ஒன்றும் அங்கு நிகழ்கின்றது. ஆண்டின் மற்ற நாள்களில் அக்குழந்தை வேலைக்கு இடையூறு. பேர்ப்பதிவில் ஒரு குறை. ஆயாவின் பொறுப்பிலுள்ள பலருள் ஒன்று. சட்டை வாங்கும் செயலால் தாய் அதனை ஊராரின் முன்னிலையில் ஒரு ஆளாக நிறுத்துகின்றாள். குழந்தைக்குப் பெயரிடுவதும் இத்தகையதே. பெயரை ஏற்கும் அறிவு அதற்கு வரும்வரை எவரும் காத்திருப்பதில்லை.

வேதாகமத்திலேயே இவ்வழக்கு ஒருமுறை விசாரிக்கப்பட்டுள்ளமை நினைவுகூரத்தக்கது. பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுந்தைலத்தை இயேசுவின்மீது ஊற்றியபோது, அதனை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று உடனிருந்தோர் முறையிட்டனர். கணக்கு அவர்கள் பக்கமே இருந்தது. இருந்தும் அப்பெண்ணின் செயல் நற்செயல் எனப்பட்டது. ஏழைகள் எப்போதும் உங்களோடிருக்கிறார்கள் என்ற அந்த மறுமொழியைப் பிற்காலத்தார் வறுமைக்குச் சாக்காகப் பயன்படுத்தினர் என்பது வேறு கதை. இங்கு நோக்கத்தக்கது, விரயம் என்று முறையிட்டவர்கள் தைலத்தை வாங்கியவர்களல்லர் என்பதே.

பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் துயில்கின்றார். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இறந்தவர். இங்கிலாந்தில் தம் வீட்டுப் பணிப்பெண்ணை அன்னை மரியாளாகவும் அயலார் குழந்தைகளைப் பாலனாகவும் அமர்த்தி அவர் எடுத்த படங்கள் அரும்பொருட்சாலைகளிற் பேணப்படுகின்றன. தாயும் சேயும் என்ற அக்காட்சியை வியந்து போற்றுவோர் எக்காலத்தும் உளர். அக்கல்லறையைச் சூழ்ந்த மலைகளில் கூடையோடு ஏறுபவளும் ஒரு தாய்தான். அவளைப் பார்ப்போர்க்கு மட்டும் ஏனோ வரவுசெலவுக் கணக்கு நினைவுக்கு வந்துவிடுகின்றது.

சிக்கனம் என்பது நாளையைத் தன் கைவசம் வைத்திருப்போர்க்கு ஏற்ற நற்குணம். மார்கழியிற் செலவழியாத பணம் மாசியில் முட்டையாக மாறும் என்பது எதிர்ப்போரின் எடுகோள். அது கடைக்கடனிலோ ஒரு காய்ச்சலிலோ கரைந்துபோவதற்கே வாய்ப்பு அதிகம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984 இல்தான் கிடைத்தது. நெடுங்காலம் கோரிய 1,000 ரூபாய் 2021 இல் வர்த்தமானியில் வந்தது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியைத் தின்றுவிட்டது. நாளை என்பது இவ்வாறு பலமுறை பொய்த்த இடத்தில் இன்றைய ஒரு சட்டையை அறியாமை என்று கூறுதல் அவசரத் தீர்ப்பு.

இதனால் முற்பணத்திலிருந்து செய்யப்படும் செலவு யாவும் நியாயமாகிவிடாது. அதே முற்பணத்திலிருந்து தந்தை வாங்கும் சாராயப் போத்தலும் பண்டிகைச் செலவென்றே பெயர் பெறுகின்றது. அப்போத்தல் குழந்தையின் உணவையும் குறைக்கின்றது, பண்டிகையையும் கெடுக்கின்றது. பழிப்போர் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் பழிப்பது பெருந்தவறு. குழந்தையின் பால்மாவில் கைவைத்துச் சட்டை வாங்கும் தாயும் எங்கேனும் இருத்தல் கூடும், அவளைப் புகழ்தற்கில்லை. ஆனால் சட்டையா முட்டையா என்று ஒரு தாய் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை அமைத்தது அவளன்று. எல்லையை அறியாதவளுமல்லள் அவள். கடையில் அவள் செய்வதைக் கவனித்தால் அது தெரியும்: பட்டுச் சரிகையைத் தொட்டுப் பார்த்து வைத்துவிட்டுப் பருத்தியை எடுக்கிறாள்; வளர்த்தி பார்த்து ஓரளவு பெரிதாகத் தேர்கிறாள்; கைமடிப்பை உட்புறமாகத் தைத்துவிடலாம் என்று மனத்துள் கணக்கிடுகிறாள்.

இருபத்துநான்காந் தேதியும் வேலைநாளே. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளைக் காம்பிராவிலிருந்து குழந்தையைத் தூக்கிவந்து, வெந்நீரில் துடைத்து, புதுச்சட்டையை அணிவிக்கிறாள். நள்ளிரவுப் பூசைக்கு மலைப்பாதையில் இறங்கும்போது குளிர் கடுமையாக இருப்பதால் அதன்மேல் பழைய கம்பளிச் சட்டையொன்றை மாட்டித் துவாயாலும் போர்த்துகிறாள். வழியிற் கண்டோர் எவருக்கும் புதுச்சட்டை தெரியவில்லை. ஆலயத்தினுள்ளே நுழைந்ததும் கம்பளியின் முதலிரு பொத்தான்களை மட்டும் அவள் கழற்றிவிடுகிறாள். அடுத்த நத்தாருக்குள் அது பிள்ளைக்குச் சிறுத்துவிடும். பக்கத்துக் காம்பிராவில் அதற்குள் பிறந்திருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேரும்.